மாமனாரும் மதியப் பதிவிறக்கமும்

ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் மாமனார் அணைத்துவிடுவார். முப்பத்தோரு வருடம் ஓர் ஆறுமாடி அலுவலகத்தைப் பூட்டும் வேலை பார்த்தவர். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்றால் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்குவார். ஓய்வுபெற்ற பிறகு மாடிகள்தான் குறைந்தன. வீட்டில் மூன்றே அறை. சுற்று சீக்கிரம் முடியும், அடுத்த சுற்று உடனே தொடங்கும்.

வந்த பன்னிரண்டு வருடத்தில் மருமகள் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மாமியார்தான் சொல்வார்: "நான் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பெருக்கிட்டிருந்தாலே லைட்ட அணைச்சிட்டுப் போற மனுஷன்."

மருமகளுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை. கையால் நிரப்பிய படிவங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: வெள்ளிக்குள் தட்டச்சு மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றாதவர்களுக்கு அதன்பிறகு வேலை கிடையாது. பதிவிறக்கம் ஓடினால் தட்டச்சு நத்தையாக ஊர்ந்தது. அதனால் சாப்பிட்டுவிட்டுத் தான் சற்றுப் படுக்கும் நேரமாகப் பார்த்து, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை என்று அதற்கு நேரம் குறித்துவைத்தாள்.

செவ்வாய் மதியம் வந்து பார்த்தால் திரை கறுப்பாக இருந்தது. புதனும் அப்படியே. சுவிட்சுக்கு மேலே 'அணைக்க வேண்டாம்' என்று சீட்டு ஒட்டினாள். வியாழனன்று சீட்டு இருந்தது, மின்சாரம் இல்லை.

"சீட்டைப் பாக்கலையா மாமா?" தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"பாத்தேன்மா. கையெழுத்து இல்ல, தேதி இல்ல. அந்த மாதிரி சீட்டை நம்பி ஒரு தடவை நாலாவது மாடி முழுக்க ராத்திரியெல்லாம் லைட் எரிஞ்சிச்சு."

"நான் கையெழுத்துப் போடட்டுமா?"

"நீ போட்டா செல்லாதும்மா. மாடிப் பொறுப்பாளர் போடணும்."

"அந்தப் பொறுப்பாளர் ரிட்டயர் ஆகியே பத்து வருஷமாச்சு!" என்று சமையலறையிலிருந்து மாமியார் குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை மருமகள் கூடத்திலிருந்த மாமனாருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள். செய்தித்தாளையும் அதன்மேல் வைத்தாள்.

"இங்க காத்து நல்லா வருது மாமா."

அவர் உட்கார்ந்தார். மணி ஒன்று அடித்தது. அவள் படுக்கப் போனாள், கண் மூடவில்லை.

மூன்று மணிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். செய்தித்தாள் பிரிக்கப்படவே இல்லை. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூத்தாறு சதவீதத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சுது. இப்ப முடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு."

"சாப்பிட வரலையா மாமா? அத்தை கூப்பிட்டாங்களே."

"எப்படிம்மா வர்றது? நான் எழுந்தா ரூம்ல ஆள் இல்ல. அப்புறம் நான்தானே அணைக்கணும்?"

வேலை போகவில்லை. இப்போது மாதத்துக்கு ஒருமுறை, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை புதுப்பிப்பு இறங்குகிறது. அன்றைக்கு மட்டும் மாமனார் பன்னிரண்டரைக்கே சாப்பிட்டுவிடுகிறார்.