நான் குழிக்குள் குதிக்காத நாள்

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிற சகோதரங்களே, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மலசலகூடக் குழி துப்பரவாக்குகிறவன். புதுக்குடியிருப்புப் பக்கம் பதினொரு வருடமாக இதே தொழில். பவுசர் வண்டியின் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடும். அடியில் இறுகிக் கிடப்பதை ஆள் இறங்கித்தான் கிளற வேண்டும். "ஆண்டவரே, என்னை இதிலிருந்து எடுத்துவிடும்" என்று எவ்வளவு அழுதேன்! ஒரு பதிலும் இல்லை.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரு வீட்டுக் குழியைத் திறந்தோம். கூட வேலை செய்பவன் என் மனைவியின் தம்பி ரஞ்சன். மூடியைத் திறந்துவிட்டு மணம் அடங்கும்வரை நிற்போம். அடங்கினால் இறங்குவோம். அதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். அன்று சீக்கிரமே அடங்கிவிட்டது.

"மணமே இல்லை அத்தான், நான் இறங்கிறன்."

"கயிறு கட்டடா."

"கயிறு ஆட்டுக்கும் மாட்டுக்கும். நான் ஆம்பிளை அத்தான்!"

நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே கிளறுகிற சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், சுவரோடு சரிந்து கிடக்கிறான்.

கூட்டாளி விழுந்தால் பின்னாலேயே குதிக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் தொழிலில் அவன் ஆம்பிளை இல்லை. நானும் ஒரு காலை விளிம்பில் வைத்துவிட்டேன். "ஐயோ ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது, நீரே வாரும்!" என்று கத்தினேன். கால் அசையவில்லை. கோழை, கோழை என்று என்னையே திட்டினேன்.

கத்தல் கேட்டு வீட்டுக்கார அக்கா ஓடிவந்தார். காலையில் கை கழுவக்கூட எங்களைக் கிணற்றடிக்கு விடாதவர். கையில் பாதாளக்கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற கொளுக்கி அது, நீளக் கயிற்றோடு.

"இந்தாங்கோ, இதால கொழுவி இழுங்கோ!"

மூன்றாம் தரம் அவனுடைய இடுப்புப் பட்டியில் கொழுவியது. நானும் பவுசர் ஓட்டிவந்த சாரதியும் அந்த அக்காவும் சேர்ந்து இழுத்தோம்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் ரஞ்சன் கண் திறந்தான். ஸ்தோத்திரம்! டொக்டர் என்னை ஏசினார். "மணம் நிண்டால் காத்து நல்லாயிட்டுது எண்டு ஆர் சொன்னது? அந்த வாயு மூக்கைத்தான் முதல்ல மரக்கப்பண்ணும். நீங்களும் இறங்கியிருந்தா ரெண்டு பெட்டிதான்."

கரண்டியை நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஐயோ, இனி அதைக் கிணத்துக்க விடேலாது. நீங்களே வச்சிருங்கோ" என்றார் அக்கா. உயிரைக் காப்பாற்றித் தந்தவரும் அவர்தான். நன்றியும் வந்தது, எரிச்சலும் வந்தது.

இப்போது நாங்கள் யாரையும் இறக்குவதில்லை. தண்ணீர் அடித்து, மேலே நின்று நீளத் தடியால் கிளறுகிறோம். மற்றப் பவுசர்க்காரர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள். ஓம், பயம்தான். என் காலைப் பிடித்து நிறுத்திய அந்தப் பயம்தான் ஆண்டவர் தந்த பதில்.

நீங்களும் பயம் வந்தால் வீரம் காட்டாதீர்கள். அவரிடம் கத்துங்கள். அவர் கேட்பார்.

இன்னொன்று. நான் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் சபைக்கு வருகிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாகவே கிடக்கிறது. வருகிற ஞாயிறு யாராவது ஒருவர் அதில் வந்து இருங்கள்.