எனக்காக வாங்கிய கம்ப்யூட்டர்

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பாப்பாவின் படிப்புக்காக வாங்கியது என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தெருவில் வேறு யார் வீட்டிலும் கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவும் பெரியப்பாவும் ஒரே இடத்தில் வேலை பார்த்தார்கள். சொத்துப் பத்திரம் எழுதித் தரும் அலுவலகம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துப் பழக்கத்தில் ஊரில் அதை நோத்தேர் ஆபீஸ் என்பார்கள். பெரியப்பா அங்கே பழம் தின்று கொட்டை போட்டவர். பிரெஞ்சில் இருக்கும் பழைய பத்திரம் எதை நீட்டினாலும் மடமடவென்று படித்து அர்த்தம் சொல்வார். அம்மா கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த வருஷம்தான் சேர்ந்திருந்தாள். பிரெஞ்சு அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பெரியப்பா அம்மாவுக்கு மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன். மச்சாண்டார் எதிரில் உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. ஊரெல்லாம் மலையேறிவிட்ட அந்த வழக்கம் எங்கள் வீட்டில் மட்டும் கொடிகட்டிப் பறந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விட்டுவிட இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில்கூட அம்மா ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துத்தான் கேட்பாளாம். பெரியப்பாவும் அவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வாராம். அந்த மனிதர் எப்படித்தான் தன் வேலையைப் பார்த்தாரோ தெரியவில்லை.

முதலாளி டைப்ரைட்டர்களை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டார். பொங்கலுக்குள் பழகிக்கொள்ளாதவர்கள் பின்னறைக்குப் போய்ப் பத்திரக் கட்டுகளைத் தூசி தட்டலாம் என்றும் சொல்லிவிட்டார். பெரியப்பாவின் கை பழகியது பிரெஞ்சு டைப்ரைட்டரில். அதில் மேல்வரிசையில் ஏ இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டரில் க்யூ உட்கார்ந்திருந்தது. அவர் அடித்த முதல் தாளில் ஏ வரவேண்டிய இடமெல்லாம் க்யூ. சின்ன வயசுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்களாம். பெரியப்பா அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். இதெல்லாம் பிற்பாடு நான் கேள்விப்பட்டவை.

எனக்கான பாடம் சாயங்காலம் காபி ஆனதும் தொடங்கும். நடுவில் என் முக்காலி. ஒரு பக்கம் நாற்காலியில் பெரியப்பா, நான் ஒழுங்காகப் படிக்கிறேனா என்று மேற்பார்வை பார்க்க. மறுபக்கம் அம்மா, நின்றபடி.

“பாப்பா, ஏ மேல இல்ல. இடது கை சுண்டுவிரல் இருக்கற எடத்துலியே இருக்குது. வெரல மேல தூக்கிக்கினு போவாத.”

“நான் தூக்கலியேம்மா.”

“தூக்கினா தப்புன்னு சொல்றேன்.”

உடனே பெரியப்பா, “எங்க, நவுரு பாப்பா. நான் ஒருவாட்டி பாக்கறேன்” என்பார். அவர் விரல் பழக்கதோஷத்தில் மேலே ஏறும். திட்டு எனக்கு விழும்.

அது முடிந்ததும் பெரியப்பாவின் முறை. ஒரு பழைய பத்திரத்தின் நகலை என் முன்னால் விரிப்பார். “பாப்பா, மெஸோன்னா வீடு. ழர்தேன்னா தோட்டம். இதுல விக்கிறவங்க பேரு முன்னால வருது, வாங்கறவங்க பேரு பின்னால. மாத்திப் படிச்சிட்டா வீடே கை மாறிப்பூடும்.” மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவள் உதடு மட்டும் மெஸோன், ழர்தேன் என்று அசையும்.

தினமும் அதே ஏ, அதே சுண்டுவிரல். நான் மக்கு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பொங்கல் நெருங்கிய ஒரு சாயங்காலம், தெருவில் பிள்ளைகள் பாண்டி ஆடும் சத்தம் கேட்க, “எனக்கு எல்லாம் தெரியும், இனிமே வரமாட்டேன்” என்று ஓடிவிட்டேன். மறுநாள் பெரியப்பா முதலாளியின் முன்னால் ஒரு பத்திரம் முழுவதையும் அடித்துக் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

நல்ல சில்லு ஒன்று எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் பெரியப்பா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். அம்மா நின்றுகொண்டிருந்தாள். நடுவில் என் முக்காலி காலியாகக் கிடந்தது. அம்மா அதைப் பார்த்துச் சொன்னாள்:

“பாப்பா, பயப்படாத. மெதுவாவே அடி. தப்பா வுழுந்தா அழிச்சிட்டு அடிக்கலாம்.”

பெரியப்பாவும் முக்காலியைத்தான் பார்த்தார். “பாப்பா, அழிச்சது யாருக்கும் தெரியாது இல்ல?”

“தெரியாது பாப்பா. யாருக்குமே தெரியாது.”

அவர் விரல்கள் விசைப்பலகைக்குத் திரும்பின. இப்போது நினைத்தாலும் அந்த இரண்டு பேர்மீதும் எனக்குச் சொல்லி மாளாத பிரியம் வருகிறது.

மறுநாள் பெரியப்பா பத்திரத்தை அடித்து முடித்தார். அவருடைய இடம் அவருக்கே நின்றது. சில மாதங்கள் கழித்து, முதலாளி ஒரு பிரெஞ்சுப் பத்திரத்தை அம்மாவின் மேசைக்கு அனுப்ப, அவள் தட்டுத்தடுமாறிக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டாளாம்.

அன்று வாசலில் நின்ற எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. நான் இல்லாதபோதும் எனக்குப் பாடம் நடக்கிறது, இனி எங்கே ஓடினாலும் தப்ப முடியாது என்று மட்டும் விளங்கியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தேன். இருவர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி. நான் நன்றாகப் படிக்க வேண்டுமென்று இவர்களுக்குத்தான் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டு, சுண்டுவிரலை ஏ மேல் வைத்தேன்.