வெட்டி எறிந்த நாலு நிமிஷம்

மைசூரில் ஓர் அரசு அலுவலகம். அங்கே இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் கவுண்டருக்குப் பக்கத்தில் காமிராவோடு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். என் ஆவணப்படங்களில் கேள்வி கேட்பதில்லை, லைட் போடுவதில்லை. காமிரா இருப்பதே மனிதர்களுக்கு மறந்துபோகிற வரைக்கும் சும்மா கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கி. முதல் மாதம் தினமும் நல்ல புடவை, தலை நிறையப் பூ. யார் என்ன கேட்டாலும் "ரூல்ஸ் அப்படி" என்று கன்னடத்தில் ஒரே பதில். சாட்சி இல்லாமல் வந்த ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பியதைக்கூட எடுத்தேன். இரண்டாம் மாதம் பழைய புடவைக்கு வந்தார். ஆஹா, மறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே குஷி.

அப்போதுதான் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்தாள். கட்டட வேலைக்கு வந்த குடும்பம். புருஷன் ஷெட்டிலேயே இறந்து இரண்டு மாதம். இறந்தவரைத் தெரிந்த உள்ளூர்க்காரர் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. "இந்த ஊர்ல எங்களைத் தெரிஞ்சவங்க ஆருமில்லீங்க" என்றாள்.

"உட்காரும்மா" என்று அந்த அம்மா தமிழில் சொன்னார். விண்ணப்பத்தைத் தானே கன்னடத்தில் எழுதினார். பியூனையும் டீக்காரரையும் கூப்பிட்டார். செத்தவன் முகத்தைப் பார்த்தே இராத இரண்டு பேரும், ஒரு வார்த்தை கேட்காமல், வழக்கமான வேலைபோலக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். மொத்தம் நாலு நிமிஷம். எனக்குப் புல்லரித்தது. என் படமே இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எடிட் முடிந்ததும் அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அந்த நாலு நிமிஷம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"நீங்க இருக்கறதே மறந்துட்டேன் சார். இதை மேல பார்த்தா பொய்ச் சாட்சின்னு சஸ்பெண்ட் பண்ணுவாங்க. என் பென்ஷன் போச்சு. அந்தப் பொண்ணோட சர்டிபிகேட்டையும் ரத்து பண்ணிடுவாங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இதற்கா மூன்று மாதம் மார்தட்டிக்கொண்டேன்? அன்றைக்கே அந்த நாலு நிமிஷத்தை வெட்டினேன். மூலப் பதிவையும் அழித்தேன். மனசு ஆறவில்லை, ஆனாலும் அழித்தேன்.

ஒரு சின்ன ஹாலில் படத்தைத் திரையிட்டோம். அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் மிச்சமிருந்தது அவர் விதிப்படி நடந்த நாட்கள் மட்டும்தான். பெரியவரைத் திருப்பி அனுப்பும் காட்சி வந்தது. "மனசாட்சியே இல்லாத ஜென்மங்கள்" என்று பின்வரிசையில் ஒருத்தர் சொல்ல, நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். எனக்கு வந்ததே கோபம். எழுந்துகொள்ளப் போன என் கையை அந்த அம்மா பிடித்து உட்கார வைத்தார்.

"விடுங்க சார்" என்றார் மெதுவாக. "அன்னிக்கு நீங்க சாப்பிடப் போனதும் அந்தத் தாத்தாவைத் திரும்பக் கூப்பிட்டு முடிச்சுக் கொடுத்துட்டேன்."