ஹார்ட்மூட் சொபொட்டா இறக்காத கொடி

ஹார்ட்மூட் சொபொட்டா கொடி பிடிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டை வைத்திருந்தவள் நான்தான்.

ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் முப்பத்தெட்டு வருஷம் டிராம் ஓட்டியவர் அவர். தாத்தா போலந்துப் பக்கத்திலிருந்து நிலக்கரி வெட்ட வந்தவர். பள்ளிக்கூடத்தில் அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்திருக்கிறார்கள். அப்பா போரிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பி வந்து, "எந்தக் கொடியா இருந்தாலும் சரி, இந்த வீட்டுக்குள்ள வந்தா அடுப்புலதான் போடுவேன்" என்றாராம். அப்படி வளர்ந்த பிள்ளை.

கொடி விவகாரமெல்லாம் அவர் மனைவி மார்லீஸுடையது. 2006இல் கால்பந்து உலகக் கோப்பை இங்கே நடந்தபோது, போருக்குப் பிறகு கொடி என்றாலே வெட்கப்பட்டுக்கொண்டிருந்த ஊரே கார்களிலும் பால்கனிகளிலும் கொடி கட்டியது. மார்லீஸும் ஒன்று வாங்கினாள். "ஒரு மாசம் நம்மளும் சந்தோஷமா இருந்துட்டுப் போவோமே, என்ன குத்தம்?" என்றாள். அதிலிருந்து ஒவ்வொரு போட்டிக்கும், சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டத்துக் குடிசையின் முகப்பில் அவள்தான் கட்டுவாள். நம் அணி தோற்ற மறுநாள் காலை அவளே ஏணியில் ஏறி அவிழ்த்து, துவைத்து, இஸ்திரி போட்டு அலமாரியில் வைத்துவிடுவாள்.

எங்கள் தோட்டச் சங்கத்தில் எல்லோருமே அப்படித்தான். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் பந்து நின்ற பிறகும் ஒருவன் குடிசையில் கொடி பறந்தால், அவன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டுக்காரரை விரட்டச் சொல்லும் கட்சி என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை ஸ்பெயினிடம் தோற்றோம். சனிக்கிழமை காலை மார்லீஸ் சமையலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் போனேன், அங்கே கொடுத்த கேக்கைத் தின்றேன், அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கடமை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கொடி அங்கேயே இருந்தது. சொபொட்டா தினமும் வந்து, அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு அவரைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் நிமிர்ந்து மேலே பார்த்ததில்லை.

ஆகஸ்ட் போனது. எதிர்த் தோட்டத்து செலால், துருக்கிக் குடும்பத்து ஆள், அவரோடு இருபது வருஷம் டிராம் ஓட்டியவர். வருஷாவருஷம் அவருக்கு ஒரு கூடை மிளகாய் கொண்டுவந்து கொடுப்பவர், இந்த முறை வேலியைத் தாண்டிப் பேசாமல் போனார். கடைசித் தோட்டத்து ரால்ஃபோ, அதுவரை வணக்கம்கூடச் சொல்லாத ஆள், தேடி வந்து கைகுலுக்கினான்.

"உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா போதும், இந்த நாடு உருப்பட்டுரும்!"

சொபொட்டா முழித்தார். "அவரையப் பாத்துச் சொல்றியா? இந்த வருஷம் சுமாராத்தான்யா காய்ச்சிருக்கு."

செப்டம்பரில் சங்கத் தலைவர் டீட்மார் கமிட்டியைக் கூட்டினார்.

"கொடின்னு எழுத முடியாது. எழுதினா நாளைக்கே பேப்பர்ல வந்துரும்," என்றார்.

"அப்ப வேற என்னத்த எழுதித் தொலைக்க?" என்றேன். செயலாளர் நான்.

"அவரோட செடிவேலி என்ன ஒசரம், ரோஸ்விதா?"

விதிப்படி ஒன்றேகால் மீட்டர். மறுநாள் சொபொட்டா வருவதற்குள் மடக்கு அளவுகோலோடு போய் அளந்தேன். பதின்மூன்று சென்டிமீட்டர் அதிகம். எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். மனிதர் நூல் கட்டி அளந்து வெட்டிவிட்டார்! அடுத்த கடிதம், உரக்குழி பாதைக்கு மிக அருகில் இருக்கிறது என்று. எழுபத்துநாலு வயதில், பிடித்த முதுகோடு, இரண்டு நாள் மண்வெட்டி பிடித்து அதையும் நகர்த்தினார். நான் பக்கத்துத் தோட்டத்திலிருந்த என் குடிசை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி காபி குடித்தேன். மூன்றாவது, பாதையோரத்துக் களை. மூன்று எச்சரிக்கை ஆகிவிட்டால் குத்தகையை ரத்து செய்யலாம். அந்தத் தோட்டத்தை விட்டால் அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

குத்தகை ரத்து நோட்டீஸை முடிவு செய்ய, நவம்பரில் ஒரு ஞாயிறு பதினோரு மணிக்குக் கூட்டம். டை கட்டிக்கொண்டு, ஒரு கோப்போடு வந்தார் சொபொட்டா.

"வேலி சரியா ஒன்னேகால். போட்டோ இருக்கு. குழிய மாத்திட்டேன். களை ஒன்னுகூட இல்ல, வந்து பாருங்க. இன்னும் நான் என்ன செய்யணும்? என்ன தப்பு பண்ணினேன்னு யாராவது சொல்லுங்களேன்."

நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். கடைசியில் செலால்தான் எழுந்தார்.

"கொடி, ஹார்ட்மூட். அந்தக் கொடி."

"எந்தக் கொடி?"

"உன் குடிசையில தொங்குதே. நாலு மாசமா."

"அத மார்லீஸ்தான எறக்குவா," என்றார் சொபொட்டா.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. செலால் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

டீட்மார் அவசர அவசரமாகத் தொண்டையைச் செருமினார். "அட, இவ்வளவுதானா! கொடிய எறக்கிருவோம், நோட்டீஸக் கிழிச்சுப் போட்டுருவோம். தீந்துச்சு பிரச்சனை."

"எறக்கிக்குங்க," என்றார் சொபொட்டா. "தோட்டத்தையும் வச்சுக்குங்க. எனக்கு முடியல."

பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஒனக்கும் எனக்கும் நடுவுல நாலு மீட்டர்தான் ரோஸ்விதா. யாராவது வந்து ரெண்டு வார்த்தை பேச மாட்டாங்களான்னுதான் தெனமும் அங்க உக்காந்திருந்தேன். ஒன் லெட்டர் வர்றப்பல்லாம், பரவால்ல, நம்மள நெனைக்க ஆள் இருக்குன்னு சந்தோஷமாத்தான் இருந்துச்சு."

சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு டிராம் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார். செலால் பின்னாலேயே ஓடிப் பார்த்தார், அவர் திரும்பவில்லை.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குறிப்பேடு என் முன்னால்தான் இருந்தது. எழுதினேன்: தோட்ட எண் இருபத்துமூன்று, உறுப்பினர் தம் விருப்பப்படி விலகினார்.