அடி அண்ணாமலையில் ஓர் ஆகாயக் கப்பல்

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதா, மழை பெய்தால் எங்கே ஒழுகும், மாமியாராக வரப்போகிறவளின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும், கொல்லையில் கக்கூஸ் உண்டா. நானும் இதையெல்லாம் பார்த்துவிட்டு வரத்தான் கிளம்பினேன். அன்று நான் பார்த்துவிட்டு வந்தது ஓர் ஆகாயக் கப்பலை.

எண்பதுகளின் நடுவில், எங்கள் தெருவுக்கு டிவி வந்த புதிது. எங்கள் வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளை. மொட்டை மாடியில் ஆன்டெனாவைக் காக்கை அசைத்துவிட்டால் படம் போய்விடும். என் கணவர் மேலே ஏறித் திருப்ப, நான் கீழே நின்று வந்துடுச்சு, போய்டுச்சு என்று கத்துவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷில் ஒரு தொடர் வந்தது. ஒரு கூட்டம் ஆகாயத்தில் கப்பல் விட்டுக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகும், வம்பை விலைக்கு வாங்கும், எப்படியோ தப்பித்து வரும். என் மகள் கண் எடுக்காமல் பார்ப்பாள். எனக்கு அந்த இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பேன், அவள் எனக்குத் தமிழில் கதை சொல்வாள். பாதியை அவளே சேர்த்துச் சொல்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இருந்தால் என்ன, மற்ற நாட்களில் அவள் அவ்வளவு பேசமாட்டாள்.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதுவரை வந்த வரன்கள் ஜாதகத்திலோ நகைப் பேச்சிலோ பொசுக்கென்று நின்றுபோயின. அவள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இந்தப் பெண் போகிற வீட்டில் அவளோடு உட்கார்ந்து பேச ஒருவன் வேண்டும், இல்லாவிட்டால் இவள் வாயே மூடிப்போகும் என்று ராத்திரி பகல் இதே கவலை. நகை வேண்டாம், நிலம் வேண்டாம், அது ஒன்று போதும் என்று நினைத்தேன். ஜாஸ்தியாக ஆசைப்பட்டேன் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது தரகர் கொண்டு வந்ததுதான் அடி அண்ணாமலை வரன். பையனுக்கு டவுனில் போன் ஆபீஸில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். கொஞ்சம் கடலை நிலம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, மலை சுற்ற வருகிறவர்களுக்கு வாசலில் கற்பூரமும் விபூதியும் விற்பார்கள். ஜாதகம் பொருந்தியது. ஆனால் எங்கள் வீட்டில் என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், ஒரு சட்டம் வைத்திருந்தார். முதலில் நாம் போய்ப் பையன் வீட்டைப் பார்க்க வேண்டும், பிடித்தால்தான் அவர்கள் வந்து பெண்ணைப் பார்க்கலாம். பெண்ணைக் கண்டவர்களுக்கெல்லாம் காட்ட முடியாது என்பார். அவர் சொன்னால் என் கணவருக்கு வேதவாக்கு. நான் மூத்தாருக்கு எதிரே உட்கார்ந்ததும் இல்லை, நேராக அவரிடம் பேசியதும் இல்லை. சொல்ல வேண்டியதைக் கணவரிடம் சொல்வேன், அவர் அண்ணனிடம் சொல்வார். எங்கள் பக்கம் அப்போது அப்படித்தான். என் ஓரகத்திக்கு முழங்கால் வலி என்பதால் அன்று போன கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

தை மாதத்து வெயிலில் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். வீடு சுத்தம். கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். அம்மாக்காரிக்கு மெதுவான குரல். கேசரி கிண்டும் நெய் வாசனை வாசல் வரை வந்தது. பையன் ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, கேட்டதற்குக் கேட்ட அளவு பதில் சொன்னான். மூத்தார் முகம் இளகிக்கொண்டே வந்தது. எல்லாம் கூடி வந்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

அப்போதுதான் பையன் எழுந்து, கையைப் பிசைந்துகொண்டு சொன்னான். “பின்னாடி ஒரு ரூம் இருக்குதுங்க. அதையும் பார்த்துட்டீங்கன்னா நல்லாருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சு யாரும் வருத்தப்படக் கூடாது.”

தரகர் அவனை முறைத்தார். மூத்தார் எழுந்துவிட்டார். நாங்கள் பின்னால் போனோம்.

கடலை மூட்டை அடுக்குகிற அறையாம் அது முன்பு. நிலைப்படியில் கதவு இல்லை, இரண்டு பிளைவுட் பலகைகள் நின்றன. பையன் ஒரு கயிற்றை இழுத்தான். மேலே கிணற்று ராட்டினம் கிறீச்சிட, பலகைகள் இரண்டு பக்கமும் நகர்ந்து வழிவிட்டன. அவன் கூடவே வாயால் “ஷ்ஷ்” என்று சத்தம் கொடுத்தான். மூத்தார் திரும்பி என் கணவரைப் பார்த்தார். எனக்கோ மயிர்க்கூச்செறிந்தது. கப்பல் கதவு திறக்கிற அந்தச் சத்தத்தை நான் ஞாயிறுதோறும் கேட்கிறவள்.

உள்ளே அந்தக் கப்பல்தான் இருந்தது. தலைவன் உட்கார்ந்து உத்தரவு போடுகிற அந்தக் கூடம். சுவரை ஒட்டி வளைவாகப் பலகைகள், பலகை நிறைய வட்ட ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலும் ஒரு சின்ன பல்பு. போன் ஆபீஸில் கழித்துப் போட்ட சுவிட்சுகளைக் கேட்டு வாங்கிவந்து வரிசையாகப் பதித்திருந்தான். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய கறுப்புத் தாள், அதில் ஊசியால் குத்திய நட்சத்திரங்கள். நடுவில் தலைவனின் நாற்காலி. சலூன் நாற்காலி அது, சந்தேகமே இல்லை, சுழன்றது. என் மகள் இதைப் பார்த்தால் என்ன ஆவாள் என்று நினைத்தேன்.

அறை முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். வேறு ஒரு நிறம் இல்லை. ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை.

மூத்தாருக்கு அதுதான் கண்ணில் பட்டது. “இது இன்னாப்பா, ரூம் பூரா கறுப்பு அடிச்சு வச்சிருக்க?”

“டிவில அப்படித்தாங்க இருக்குது” என்றான் பையன்.

நிஜம். நான் பார்த்ததும் அப்படித்தான். அவனுக்கும் எங்களைப் போலக் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். பெட்டியில் என்ன தெரிந்ததோ அதை ஒரு சாயல் மாறாமல் கட்டிவைத்திருந்தான். நான் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து, இது ஞாயிற்றுக்கிழமை வருகிற தொடர், நம்ம பொண்ணு உயிரை விட்டுப் பார்க்கிறாளே அதுதான், அண்ணனிடம் சொல்லுங்கள் என்று காதில் சொன்னேன். அவர் சொன்னார். சொன்ன லட்சணம் இதுதான்: “டிவில வருதாம்ணா.”

மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“டிவில ஆயிரம் வரும்” என்றார் மூத்தார். “எல்லாத்தையும் வீட்ல கட்டி வப்பாங்களா?”

அந்தப் பையனுக்கு என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பினான். நான் காதில் சொன்னது அவனுக்கும் விழுந்திருக்க வேண்டும். நாற்காலியைத் துண்டால் துடைத்து, “நீங்க உக்காந்து பாருங்கம்மா” என்றான். மூத்தார் நிற்கிறார், நான் எப்படி உட்காருவது? வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவனும் வற்புறுத்தவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

வீட்டின் முன்கூடத்துக்குத் திரும்பி வந்ததும், நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் சாப்பிடலாம் என்று மூத்தார் செருப்பை மாட்டினார். அந்த அம்மா கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். சம்பந்தம் பிடிக்காத வீட்டில்தான் கை நனைக்காமல் கிளம்புவார்கள். அவளுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதே மூத்தார் தரகரிடம் முடித்துவிட்டார். “வாழப் போற பொண்ணு கறுப்பு ரூமுக்குள்ள காலெடுத்து வைக்கணுமா? வேற பாருய்யா.” என் கணவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகில் ஒரு அறை அறையலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையிலும் சண்டை போட்டேன். அண்ணன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், இனி மாற்ற முடியாது என்றார். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மகள் சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. ராட்டினக் கதவு, ஓட்டைப் பலகை, ஊசி நட்சத்திரம் என்று எல்லாம் சொன்னேன். அவள் கை அரிசியிலேயே நின்றுவிட்டது.

“என்ன கலர்மா?” என்று கேட்டாள். “ரொம்ப நாளா எனக்கு அதைத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.”

“கறுப்பு வெள்ளைதான்டி. டிவில இருக்கிற மாதிரியே.”

அவள் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர் வருகிற மாதிரி சிரித்தாள். “அப்ப சரியாத்தான் கட்டியிருக்காரு” என்றாள். பிறகு, நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேனா என்று கேட்டாள். பெரியப்பா நிற்கும்போது எப்படி என்றேன். அதற்குத் தலையாட்டினாள்.

அரிசியை உலையில் போட்டுவிட்டுத்தான் கேட்டாள். “ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போறியாம்மா? கல்யாணம் வேணாம். பார்த்துட்டு வந்துடலாம்.”

அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டுக்குள் அந்தப் பெண்ணையே எப்படிக் கூட்டிப்போவது? ஊர் என்ன சொல்லும், அந்த அம்மா முகத்தில் எப்படி விழிப்பது, மூத்தார் காதுக்குப் போனால் என்ன ஆகும்? அண்ணாமலையார் கோபுரத்தை எடுத்து வடக்கே வை என்று கேட்டிருந்தாலும் எனக்கு அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். பார்க்கலாம்டி என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள், எனக்குக் கதையும் சொன்னாள். ஆனால் படத்தில் வரும் ஆட்களைப் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் இருந்த கப்பல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பங்குனியில் கீழ்பென்னாத்தூரில் ஒரு நல்ல இடம் அமைந்தது. உரக்கடை வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தட்டு மாற்றிக்கொண்டோம். மகளைச் சம்மதமா என்று கேட்டார்கள், சரி என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வாள்.

சித்ரா பௌர்ணமியன்று மலை சுற்ற அவளும் நானும் மட்டும் போனோம். தரை சுடுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடியும்போதே கிளம்பியும், அடி அண்ணாமலை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அந்த வீட்டைத் தாண்டிவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் அந்த வீட்டு வாசலில்தான் கீற்றுப் பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றினார்கள். மகளுக்கு நா வறண்டிருந்தது. எனக்கு முன்னால் போய் டம்ளரை வாங்கிவிட்டாள். அது யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது.

மோர் ஊற்றிய அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். கோபம் இல்லை அவள் முகத்தில். என் கையைப் பிடித்துப் பந்தலுக்குள் இழுத்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“உங்க பெரியவர் சொன்னதுல தப்பில்லைங்க. அதான் அந்த மாசமே ரூமைப் பிரிச்சுட்டோம். எம் புள்ளதான் பிரிச்சான், நான் சொல்லல. நல்ல எடம், ஒரு ரூமுக்காக உட வேணாம்னு அவனே சொல்லிட்டான். சுண்ணாம்பு அடிச்சு லட்சுமி படம் மாட்டியிருக்குது. தரகர்கிட்ட சொல்லி அனுப்புனோம், உங்க பெரியவர்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே. நீங்க ஒண்ணும் சொல்லலையே?”

மூத்தார் எங்களிடம் மூச்சுவிடவில்லை. பங்குனி வரை நாள் இருந்தது. எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? சண்டை போட்டால்தான் என்ன ஆகும், தட்டு மாற்றியாயிற்று.

“பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சுங்க” என்றேன்.

அவள் என் கையை விட்டாள். பிறகு பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்ற என் மகளைப் பார்த்தாள். இதுதான் பெண்ணா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “நல்லா இரும்மா” என்று சொல்லி, அவள் டம்ளரில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

மகள் அதற்குள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மோர்ப் பானைகள் வைத்திருந்த பெஞ்சை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முக்காலிமேல் போட்ட நீளப் பலகை அது. மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பலகை நிறைய வட்ட ஓட்டைகள். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உள்பக்கம் பெயிண்ட் படாத இடத்தில் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது.

மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்கூட நடந்தாள்.

“என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பிரிக்காதீங்கன்னு சொல்லியிருப்பேன்மா” என்றாள்.

கால் சுடுகிறது, வேகமாக நட என்றேன்.