எனக்குச் சொந்தமான கருகிய மோட்டர்

களுவாஞ்சிக்குடியில் அரிசியும் மிளகாயும் அரைக்கும் சின்ன மில் ஒன்று நடத்துகிறேன். வேலைக்கு ஆள் வைக்க வசதியில்லை. ஆனாலும் யாராவது ‘முதலாளி’ என்று கூப்பிட்டால் காது நன்றாகக் கேட்கும். சித்திரை வருடப் பிறப்புக்கு மா அரைக்க ஊரே வருகிற நேரம் பார்த்து மோட்டர் கருகிப் போனது. இந்தப் பருவத்தில் அடுத்த தெரு மில்லுக்குப் போகிறவர்கள் பிறகு என் பக்கம் திரும்பமாட்டார்கள்.

புது மோட்டர் வாங்கக் கைவட்டிக்காரர் உடனே காசு தருவதாகச் சொன்னார், மாதம் நூற்றுக்குப் பத்து. அந்த வட்டிக்கு அரைத்தால் காசு அவருக்கு, மிளகாய்த் தும்மல் எனக்கு. ஆகவே இஸ்திரி போட்ட சட்டையோடு வங்கிக்குப் போனேன். கடன் பகுதியில் இருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள்.

“வட்டி ஏறின நேரம் சின்னக் கடைக்காரர் கனபேர் கட்ட ஏலாமப் போயிட்டாங்க ஐயா. அதால இப்ப பிணை இல்லாமக் குடுக்கிறல்ல. உங்களிட்ட என்ன இருக்கு?”

“வீடு இருக்கு” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“வீட்டு உறுதிப் பத்திரம் ஆரிட பேரில?”

“மனிசிட பேரில.”

“மில் இருக்கிற காணி?”

“அதுவும் வீட்டு வளவுதான்.”

“மோட்டர் சைக்கிள்?”

அது இன்னும் லீசிங் கம்பனிக்குச் சொந்தம். ஐம்பது வயதில் என் பெயரில் மிஞ்சியிருந்தது கருகிய மோட்டர் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்ணுக்கு. தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் கட்டியவன் அங்கே வந்து இருப்பான். இத்தனை வருடம் இருந்ததில், நானும் அப்படி வந்தவன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டை ஈடு வைக்கலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

“அது மகளுக்குக் குடுக்கிற வீடு. அவளிட்டக் கேளுங்க” என்றாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள்.

“வட்டி இப்படியே நிக்குமா, கூடுமா அப்பா?”

“அதக் கேக்கல்ல மகள்.”

“எத்தின வருசம் கட்டணும்?”

அதையும் நான் கேட்கவில்லை. வங்கிப் பிள்ளை எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றியது. மறுநாள் திரும்பப் போய்க் கேட்டு வந்து சொன்னேன். ஐந்து வருடம், இடையில் வட்டி கூடவும் கூடும்.

அவள் வேண்டாம் என்றால் மில்லுக்குப் பூட்டு. ஓம் என்று சொல்லி நான் கட்டத் தவறினால் அவளுக்கு வீடில்லை.

“வையுங்க அப்பா. வீடு ஈட்டில கிடக்கெண்டு வராம விடுற மாப்பிள்ள வராம விடட்டும். மில் நிண்டுபோனா நாம எதைச் சாப்பிடுற?”

மனைவி அலுமாரியைத் திறந்து, உறுதியை எடுத்து வந்து என் கையில் தந்தாள். மில் ஓடப் போகிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உறுதியில் இருந்த அவளுடைய பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பிந்தாமக் கட்டுவீங்கதானே அப்பா?” என்று மகள் கேட்டாள்.

ஊர் முழுக்க வாய்வீச்சு வீசித் திரிகிற நான், தலையை மட்டும் ஆட்டினேன்.