தெருவை அறுத்த கோடு

வடக்கு வரிசையில் நிற்கும் உறவுகளே! தெற்கு வரிசையில் நிற்கும் உறவுகளே! உங்களை இப்படி இருகூறாக விளிக்க என் நா கூசுகிறது. ஒரே தெருவில் எதிரெதிர் வாசலில் வாழும் உங்களை, எங்கோ ஒரு மேசையில் வரைந்த உள்ளாட்சித் தொகுதிக் கோடு இரண்டாக அறுத்துப் போட்டிருக்கிறது. அக்கோட்டை அழிக்கப் போராடிய சண்முகத்தாய் அம்மையார் மறைந்துவிட்டார். கோடு மறையவில்லை.

நேற்று இராசபாளையம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். திருவில்லிபுத்தூர்ப் பேருந்திலிருந்து இறங்கிய அவருடைய அக்கா மகன் என் கையைப் பற்றிக்கொண்டு, "சித்தி காலையில போயிட்டாக அண்ணாச்சி" என்றான். மஞ்சள் காமாலை என்று திருவில்லிபுத்தூர் மருத்துவமனையில் சேர்த்ததை அறிந்திருந்தேன். இவ்வளவு விரைவென்று எண்ணவில்லை.

எண்பதுகளில் ஒரு நாள், நூற்பாலை வாயிலில் வாக்குரிமை குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். முன்னொரு காலத்து இங்கிலாந்தில் ஆளில்லா மேடு ஒன்றுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர். ஆலைகள் நிறைந்த பெருநகருக்கு ஒருவருமில்லை. அந்த அநீதி ஒருவாறு திருத்தப்பட்ட பின்னும் உழைப்பாளிகளுக்கு வாக்கில்லை. அவர்கள் வாக்குரிமை வேண்டிப் பெரும் விண்ணப்பம் ஒன்றைச் சுமந்து சென்றார்கள். நாடாளுமன்றம் அதைத் தள்ளியது என்றேன். வேலை முடிந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்த ஒரு பெண் நின்று கேட்டார்:

"தள்ளின பொறவு என்ன செஞ்சாக?"

"மறுபடியும் எழுதினார்கள், அம்மா."

"அதையும் தள்ளினா?"

"மறுபடியும் எழுதினார்கள்."

"அப்ப எங்க தெருவுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்களுக்கும் ஒரு கோடு கெடக்கு."

அம்மையாரின் அந்த அழைப்பில்தான் இத்தெருவுக்கு முதன்முதலாக வந்தேன். வடக்கு வரிசை மேற்கேயுள்ள பேரூரின் தொகுதிக்கு வால். தெற்கு வரிசை கிழக்கேயுள்ள பேரூரின் தொகுதிக்கு வால். ஒன்றாக நின்றால் தம்முள் ஒருவரை அனுப்பும் வலிமை பெற்ற மக்கள், இரண்டு இடத்திலும் சிறுபான்மை. தெருமுனைக் குழாய் உடைந்தபோது, இரு உறுப்பினரும் அது மற்றவர் பகுதி என்றே கைவிரித்தார்கள். அம்மையார் சொன்னார்: "வீடு வடக்க, மாட்டுக் கொட்டம் தெக்க. எனக்கு ஒரு மெம்பரு, என் மாட்டுக்கு ஒரு மெம்பரு. ரெண்டு பேருமே எட்டிப் பாக்கல."

தொண்ணூறுகளில் பெண்களுக்கு இடம் ஒதுக்கிய உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அம்மையார் வடக்கு வரிசை சேர்ந்த தொகுதியில் நின்றார். எதிர்வீட்டில் வாழும் அவருடைய அக்காளுக்கு அங்கே வாக்கில்லை. "அவ கை எனக்குச் சோறு போடலாம், ஓட்டுப் போடக்கூடாதாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லி நகைத்தார். தெற்கு வரிசைப் பெண்கள் தங்கள் வாக்கைச் செலுத்திவிட்டு, வடக்கு வரிசையின் வாக்குச்சாவடி வேலியோரம் வந்து நின்றார்கள். காவலர் விரட்டியபோது அக்காள் சீறினார்: "எந்தங்கச்சிக்குப் போடத்தான் விடல. தள்ளி நின்னு பாக்கக்கூடவா விடமாட்டீக?"

அம்மையார் தோற்றார். முடிவு வந்த அன்று அக்காளைப் பார்த்து, "ஒரு நல்லதுக்கா. நாளைக்குத் தண்ணி வரலன்னா ஒன் ஓட்டை வாங்கி ஏமாத்திட்டேன்னு ஏச முடியாதுல்ல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் எடுக்கவே இல்லை.

அதன்பின்னும் எழுதினோம். மனுக்கள் போயின, மறுமொழி வரவில்லை. மேடைதோறும் முழங்கிய நாங்கள், இந்த ஒற்றைத் தெருவை ஒன்றாக்க முடியாமல் அவரை அனுப்பிவைத்தோமே என்ற துயரம் என்னை விட்டு அகலாது. இன்று அவர் பாடையை வடக்கிலிருந்து இருவரும் தெற்கிலிருந்து இருவருமாகத் தூக்கிச் சென்றீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது சட்டம் தராத ஒற்றுமை அது.

அவர் கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் எஞ்சியிருக்கிறது: "தள்ளின பொறவு?"

விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அடுத்த தேர்தலுக்குத் தொகுதிகளை வரையும்போது இந்தக் கோடு அழிய வேண்டும். இரங்கல் கூட்டம் என்று கலைந்துவிடாதீர்கள். புதிய விண்ணப்பம் இதோ, அவர் வாசலில் இருக்கிறது. இப்போதே, இரு வரிசையும் ஒரே வரிசையாக வந்து கையெழுத்திடுங்கள். கையெழுத்து வராதவர் பெருவிரல் பதியுங்கள். நாளைக் காலை முதல் பேருந்தில் திருவில்லிபுத்தூர் சென்று அதிகாரியிடம் கொடுப்போம். அக்காளே, தேர்தலில் தங்கைக்குப் போட முடியாத கை உங்களுடையது. முதல் ஒப்பம் நீங்கள் இடுங்கள்!